31,000 கோடி ரூபாய் திட்டம்... இரண்டே நாளில் காலி! சூப்பர் லீகை ரசிகர்கள் சாய்த்தது எப்படி?

2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் இரவு 11 மணி தாண்டியிருந்தது. ஐரோப்பாவின் 12 பெரிய கால்பந்து கிளப்கள் சேர்ந்து ஓர் அறிக்கையை வெளியிட்டன. 'ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற புதிய தொடரைத் தொடங்கப்போகிறோம். அதில் நாங்கள் நிரந்தர உறுப்பினர்கள்' என்பதுதான் அதன் சாரம்.

செவ்வாய்க்கிழமை இரவு கழிவதற்குள் அந்த 12-ல் 6 கிளப்கள், 'ஆளை விடுங்கப்பா' என்று கழன்றுகொண்டன. புதன்கிழமை இன்னும் சில கிளப்கள் பின்வாங்கின. பல ஆயிரம் கோடி ரூபாய் புழங்கவிருந்த ஒரு திட்டம், ஒரு மேட்ச்கூட நடக்காமல், இரண்டே நாளில் படுத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது கொரோனா காலம். ரசிகர்களுக்கு ஸ்டேடியத்துக்குள் அனுமதியே கிடையாது. கேலரிகள் காலியாகக் கிடந்த நேரத்தில்தான், அந்த கேலரிகளில் உட்கார வேண்டியவர்கள் தெருவில் இறங்கி தங்கள் கிளப்களின் முதலாளிகளையே பணிய வைத்தார்கள்.

அப்படி என்னதான் திட்டம்?

இங்கிலாந்தில் இருந்து மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல், செல்சீ, ஆர்சனல், டாட்டன்ஹாம். ஸ்பெயினில் இருந்து ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிகோ மாட்ரிட். இத்தாலியில் இருந்து யுவென்டஸ், ஏசி மிலன், இன்டர் மிலன். இவைதான் அந்த 12 கிளப்கள். இன்னும் 3 கிளப்களைச் சேர்த்து நிரந்தர உறுப்பினர்களை 15 ஆக்குவது, வருடத்துக்கு 5 அணிகளை மட்டும் தகுதி அடிப்படையில் உள்ளே விடுவது, மொத்தம் 20 அணிகள் வாரநாள்களில் மோதுவது. இதுதான் கணக்கு.

இதற்குப் பணம் போட முன்வந்தது அமெரிக்காவின் ஜே.பி.மார்கன் வங்கி. சேர்ந்தவுடன் நிரந்தர உறுப்பினர்கள் பங்குபோட்டுக்கொள்ள 350 கோடி யூரோ. அன்றைய மதிப்பில் 31,000 கோடி ரூபாய்க்கும் மேல். ரியல் மாட்ரிட்டின் தலைவர் ஃப்ளோரன்டினோ பெரெஸ்தான் சூப்பர் லீகுக்கும் தலைவர். யுவென்டஸின் ஆண்ட்ரியா அன்யெல்லியும், மான்செஸ்டர் யுனைடெட்டின் ஜோயல் கிளேஸரும் துணைத் தலைவர்கள்.

கிளப்களுக்கு அப்போது பணமுடை இருந்தது உண்மை. கொரோனாவால் டிக்கெட் வருமானம் நின்றுபோயிருந்தது. பார்சிலோனாவின் மொத்தக் கடன் 100 கோடி யூரோவைத் தாண்டியிருந்தது. டாட்டன்ஹாம், சுமார் 100 கோடி பவுண்டு செலவில் கட்டிய புது ஸ்டேடியத்தைப் பூட்டி வைத்திருந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் வருடா வருடம் நிச்சயமாகப் பணம் கொட்டும் ஒரு தொடர் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

கோபம் ஏன்?

ஐ.பி.எல் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் என்ன தப்பு என்று தோன்றலாம். ஐ.பி.எல்-லில் கடைசி இடம் பிடிக்கும் அணி அடுத்த வருடமும் அதே தொடரில்தான் ஆடும். அமெரிக்காவின் என்.பி.ஏ, என்.எஃப்.எல் தொடர்களும் அப்படித்தான். ஐரோப்பியக் கால்பந்து அப்படி இல்லை. அங்கே தோற்றால் கீழே இறங்க வேண்டும். ஜெயித்தால் எவ்வளவு சின்ன ஊரின் கிளப்பும் மேலே ஏறலாம்.

லெஸ்டர் சிட்டியை எடுத்துக்கொள்வோம். 2008-09 சீசனில் அந்த கிளப் இங்கிலாந்தின் 3-வது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. 2014-ல் பிரீமியர் லீகுக்கு ஏறியது. 2015-16 சீசன் தொடங்கும்போது 'லெஸ்டர் கோப்பையை வெல்லும்' என்பதற்கு பந்தயக்காரர்கள் கொடுத்த விலை ஒன்றுக்கு 5,000. அந்த சீசனில் லெஸ்டர்தான் சாம்பியன்! இங்கிலாந்தின் ஒவ்வொரு சின்ன ஊர் ரசிகனும் சனிக்கிழமை மழையில் நனைந்துகொண்டே மேட்ச் பார்க்கப் போவது, என்றைக்காவது ஒருநாள் தன் கிளப்புக்கும் இப்படி நடக்கும் என்ற நம்பிக்கையில்தான்.

சூப்பர் லீக் அறிவிப்பு வந்த வாரத்தில் பிரீமியர் லீக் டேபிளில் லெஸ்டர் 3-வது இடம், வெஸ்ட்ஹாம் 4-வது இடம். இரண்டுக்கும் சூப்பர் லீகில் நிரந்தர இடம் இல்லை. 9-வது இடத்தில் இருந்த ஆர்சனலுக்கு உண்டு. சரி, பழைய பெருமையைப் பார்த்து எடுத்தார்கள் என்று சொல்லலாமா என்றால், அதுவும் இல்லை. ஆர்சனல், டாட்டன்ஹாம், அத்லெடிகோ மாட்ரிட், மான்செஸ்டர் சிட்டி ஆகிய நான்கும் அன்றைய தேதி வரை ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தை ஒருமுறைகூட வென்றதில்லை. அதை 4 முறை வென்ற அயாக்ஸுக்கும், தலா 2 முறை வென்ற போர்டோவுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் அந்த 12 பேர் பட்டியலில் இடமில்லை.

அப்படியானால் சேர்ந்ததற்கு அளவுகோல் என்ன? வேறென்ன, மார்க்கெட்தான். ரசிகர்களுக்கு இது புரிய ஒரு ராத்திரிகூட ஆகவில்லை.

திங்கள்: லீட்ஸ் கொடுத்த டி-ஷர்ட்

சூப்பர் லீக் கிளப் ஒன்று முதலில் மைதானத்தில் இறங்க வேண்டியிருந்தது மறுநாளே. லீட்ஸ் நகரின் எல்லாண்ட் ரோடு ஸ்டேடியத்தில் லீட்ஸ் யுனைடெட்டுக்கும் லிவர்பூலுக்கும் மேட்ச். பிரீமியர் லீகில் இருந்து 2004-ல் கீழே விழுந்து, 3-வது டிவிஷன்வரை போய், 16 வருடம் கழித்து 2020-ல்தான் மேலே வந்திருந்த கிளப் லீட்ஸ். 'தோற்றால் கீழே போக வேண்டாம்' என்று 12 பேர் கூடிப் பேசி முடித்திருக்கும் செய்தியை அந்த ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும்?

வார்ம்-அப் செய்ய வந்த லீட்ஸ் வீரர்களின் டி-ஷர்ட்டில் சாம்பியன்ஸ் லீக் சின்னமும், 'உழைத்து சம்பாதி' என்ற அர்த்தத்தில் ஒரு வாசகமும். முதுகுப் பக்கம், 'கால்பந்து ரசிகர்களுக்கானது'. அதோடு விடவில்லை. லிவர்பூல் வீரர்களின் டிரஸ்ஸிங் ரூமிலும் அதே டி-ஷர்ட்களை வைத்துவிட்டார்கள். ஸ்டேடியத்துக்கு வெளியே ரசிகர்கள் கோஷம் போட, மேலே ஒரு விமானம் சூப்பர் லீகுக்கு எதிரான பேனரை இழுத்துக்கொண்டு பறந்தது. லிவர்பூல் ஜெர்ஸி ஒன்று தெருவிலேயே எரிக்கப்பட்டது.

லிவர்பூல் ரசிகர்களே அந்த கிளப்பின் பக்கம் நிற்கவில்லை. ஆன்ஃபீல்டு ஸ்டேடியத்தின் கேட்டில் 'வெட்கம்' என்று எழுதி, கிளப்புக்கு 1892 - 2021 என்று ஆயுள் குறித்து, இரங்கல் பேனரே கட்டிவிட்டார்கள். புகழ்பெற்ற கோப் ஸ்டாண்டில் வருடக்கணக்காகக் கொடிகளைக் கட்டிவந்த ரசிகர் குழு, 'இனி எங்கள் கொடிகள் இங்கே வேண்டாம்' என்று முடிவெடுத்தது.

வீரர்களின் நிலைமை தர்மசங்கடம். சம்பளம் கொடுப்பது முதலாளி, பாட்டுப் பாடிக் கொண்டாடுவது ரசிகன். மேட்ச் 1-1 என்று டிரா ஆனதும் கேமரா முன் வந்த லிவர்பூலின் மூத்த வீரர் ஜேம்ஸ் மில்னர், தனக்கு இது பிடிக்கவில்லை, நடக்காது என்று நம்புகிறேன் என்று வெளிப்படையாகப் பேசினார். மறுநாள் கேப்டன் ஜோர்டன் ஹெண்டர்சன் தலைமையில் வீரர்கள் மொத்தமாக அதையே சொன்னார்கள். மான்செஸ்டர் சிட்டி பயிற்சியாளர் பெப் கார்டியோலா, தோல்விக்கு அர்த்தமே இல்லையென்றால் அது விளையாட்டே இல்லை என்றார். சூப்பர் லீகில் அவருடைய சொந்த கிளப்பும் இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

செவ்வாய்: பஸ்ஸை மறித்த கூட்டம்

செவ்வாய்க்கிழமை மாலை மேற்கு லண்டனில் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ். செல்சீக்கும் பிரைட்டனுக்கும் மேட்ச். உள்ளே போய்ப் பார்க்க முடியாது என்று தெரிந்தே சுமார் 1,000 ரசிகர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். செல்சீ வீரர்கள் வந்த பஸ் நகர முடியவில்லை.

பேச்சுவார்த்தைக்கு வந்தவர் பீட்டர் செக். பல வருடம் செல்சீயின் கோல் கீப்பராக நின்று, அந்த ரசிகர்களின் அன்பைச் சம்பாதித்தவர். அப்போது கிளப் நிர்வாகத்தில் ஆலோசகர். 'அவகாசம் கொடுங்கள், பேசித் தீர்க்கிறோம்' என்று கூட்டத்துக்கு நடுவே நின்று கெஞ்ச வேண்டிய நிலைமை அவருக்கு. மேட்ச் 15 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் தூக்கிப் பிடித்திருந்த அட்டை உலகம் முழுக்க வைரலானது. 'ஸ்டோக்கில் ஆடும் குளிர் ராத்திரிகள்தான் எங்களுக்கு வேண்டும்' என்பது அதன் வாசகம். ஸ்டோக் சிட்டி ஓர் எளிய கிளப். காற்றும் மழையும் அடிக்கும் அந்த மைதானத்தில் போய் ஜெயிப்பது பெரிய நட்சத்திரங்களுக்கே சோதனை என்பது இங்கிலாந்தில் வழக்கமான பேச்சு. மாட்ரிட்டையும் மிலனையும் வாரா வாரம் பார்க்கலாம் என்று ஆசை காட்டியவர்களுக்கு ஓர் ஒற்றை அட்டை சொன்ன பதில் அது.

மேட்ச் தொடங்கும் முன்பே, செல்சீ விலகத் தயாராகிறது என்ற செய்தி பரவியது. மறியல் செய்தவர்கள் அதே தெருவில் கட்டிப்பிடித்து ஆடத் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில் மான்செஸ்டர் சிட்டி அதிகாரபூர்வமாக விலகியது. அடுத்தடுத்து மற்ற 5 இங்கிலாந்து கிளப்களும் வெளியேறின. லிவர்பூல் உரிமையாளர் ஜான் ஹென்றி மறுநாள் வீடியோவில் மன்னிப்பு கேட்டார். தப்பு செய்துவிட்டோம் என்று ஆர்சனலும் ரசிகர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது.

'பழைய' ரசிகரும் 'வருங்கால' ரசிகரும்

இந்த விவகாரத்தில் ரசிகர்களை அதிகம் காயப்படுத்தியது ஒரு வார்த்தை. சூப்பர் லீக் தரப்பில் இருந்தவர்கள் உள்ளூர் ரசிகர்களை 'மரபு வழி ரசிகர்கள்' என்று பிரித்துப் பேசியதாகச் செய்தி வந்தது. அதாவது, அப்பாவும் தாத்தாவும் பார்த்த கிளப்பை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களை விட 'வருங்கால ரசிகர்கள்'தான் முக்கியம் என்பது உள்ளர்த்தம். அந்த வருங்கால ரசிகர் யார்? ஆசியாவிலும் அமெரிக்காவிலும் மொபைலில் மேட்ச் பார்ப்பவர். ஒரு கிளப்பை விட ஒரு ஸ்டார் வீரரைப் பின்தொடர்பவர்.

பெரெஸ் ஸ்பெயின் டி.வி நிகழ்ச்சி ஒன்றில் திங்கள் இரவு பேசியதும் இதே ரூட்தான். 16 முதல் 24 வயதுக்காரர்களுக்குக் கால்பந்தில் ஆர்வம் குறைகிறது, தேவைப்பட்டால் மேட்ச் நேரத்தைக்கூடக் குறைக்க வேண்டும், கால்பந்தைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறோம் என்பது அவர் வாதம்.

ஆனால், வெளிநாட்டு ரசிகருக்கு அந்தத் தொடர்கள் ஏன் பிடித்தன? நள்ளிரவில் கண்விழித்து ஒருவர் பிரீமியர் லீக் பார்க்கிறார் என்றால், கடைசி இடத்தில் இருக்கும் அணி முதலிடத்தை வீழ்த்தும் சாத்தியம் இருப்பதால்தான். சீசனின் கடைசி நாளில் ஓர் ஊரே அழுவதும் இன்னோர் ஊரே துள்ளுவதும் உண்மையாக இருப்பதால்தான். அந்த உள்ளூர் உணர்ச்சியை வெட்டியெடுத்துவிட்டால், மொபைலில் பார்க்கிறவருக்கும் மிஞ்சுவது வெறும் காட்சி மேட்ச்.

இன்னொரு கோபமும் உண்டு. இந்த கிளப்களைத் தொடங்கியவர்கள் கோடீஸ்வரர்கள் அல்ல. மான்செஸ்டர் யுனைடெட், 1878-ல் நியூட்டன் ஹீத் ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி. ஆர்சனல், 1886-ல் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. 'ஏழைகள் உருவாக்கியது, பணக்காரர்கள் திருடியது' என்று அந்த நாள்களில் போராட்டங்களில் தெரிந்த பேனருக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

ஜெர்மனி ஏன் சேரவில்லை?

பேயர்ன் மூனிச்சும் பொருஷியா டார்ட்மண்டும் சூப்பர் லீகில் சேரவில்லை. ஜெர்மனியில் '50+1' என்று ஒரு விதி இருக்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கும் மேல் உறுப்பினர்களான ரசிகர்களிடமே இருக்க வேண்டும். வெளியே இருந்து எவ்வளவு பணத்தோடு வந்தாலும், அவர்களைத் தாண்டி முடிவெடுக்க முடியாது.

அதற்காக 'ரசிகர்கள் கையில் கிளப் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்றும் சொல்லிவிட முடியாது. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப்கள்தான். அவர்கள்தான் மற்றவர்கள் ஓடிய பிறகும் சூப்பர் லீகை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உரிமை யாரிடம் என்பதோடு, அந்த உரிமையை வைத்து யார் கேள்வி கேட்கிறார்கள் என்பதும் முக்கியம்.

எதிர்த்தவர்கள் எல்லாம் யோக்கியமா?

ரசிகர்கள் மட்டுமே சூப்பர் லீகை வீழ்த்தினார்கள் என்றால் அது முழு உண்மை ஆகாது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா, அந்த கிளப்களைத் தடை செய்வோம், வீரர்கள் நாட்டுக்காக ஆட முடியாது என்று மிரட்டியது. பிரீமியர் லீகின் மற்ற 14 கிளப்களும் ஒருமனதாக எதிர்த்தன. பிரதமர் போரிஸ் ஜான்சன், தேவைப்பட்டால் சட்டம் போடுவோம் என்றார். ஆனால், அரசியல்வாதிகளும் டி.வி நிறுவனங்களும் இவ்வளவு வேகமாக ஒரே பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், எந்தப் பக்கம் கூட்டம் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்ததுதான்.

எதிர்த்தவர்களின் கையும் அவ்வளவு சுத்தம் இல்லை. பிரீமியர் லீகே 1992-ல் பழைய லீகில் இருந்து பெரிய கிளப்கள் டி.வி பணத்துக்காகப் பிரிந்துவந்து தொடங்கியதுதான். மேலே ஏறுவது, கீழே இறங்குவது என்ற கதவை மட்டும் அவர்கள் மூடவில்லை. யூஃபாவோ, அதே திங்கள்கிழமை சாம்பியன்ஸ் லீகை 36 அணிகளாகப் பெரிதாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய சாதனைகளின் அடிப்படையில் 2 பெரிய கிளப்களுக்குப் பின்வாசல் திறக்கும் அம்சமும் அதில் இருந்தது. ரசிகர் அமைப்புகள் அதையும் எதிர்த்தன. 2022 மே மாதம் அந்த அம்சத்தை யூஃபா கைவிட்டது.

அதற்குப் பிறகு?

அந்த வெள்ளிக்கிழமை ஆர்சனல் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் எமிரேட்ஸ் ஸ்டேடியம் வாசலில் கூடி, உரிமையாளர் குரோன்கே வெளியேற வேண்டும் என்றார்கள். மே 2-ம் தேதி மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்குள்ளேயே புகுந்துவிட, லிவர்பூலுடனான அன்றைய மேட்ச் தள்ளிவைக்கப்பட்டது. பலர் கழுத்தில் பச்சை - தங்க நிறத் துண்டு. அது நியூட்டன் ஹீத் காலத்து நிறம். 2005-ல் கடன் வாங்கி கிளப்பை வாங்கி, அந்தக் கடனை கிளப்பின் தலையிலேயே கட்டிய கிளேஸர் குடும்பத்தின் மீது 16 வருடமாகப் புகைந்துகொண்டிருந்த கோபம் அது. அந்தக் கோபத்தில்தான் 2005-லேயே ஒரு பகுதி ரசிகர்கள் பிரிந்துபோய், எஃப்.சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற சொந்த கிளப்பையே தொடங்கினார்கள்.

உரிமையாளர்கள் யாரும் அன்று கிளப்பை விட்டுப் போகவில்லை. தண்டனையும் லேசுதான். 6 இங்கிலாந்து கிளப்களும் சேர்ந்து பிரீமியர் லீகுக்குக் கட்டியது 2.2 கோடி பவுண்டு. ஒரு சுமாரான வீரரின் டிரான்ஸ்ஃபர் தொகை அவ்வளவு இருக்கும். மறுபடி இப்படிச் செய்தால் ஒவ்வொரு கிளப்புக்கும் 2.5 கோடி பவுண்டு அபராதமும் 30 புள்ளிகள் குறைப்பும் என்பதுதான் கொஞ்சம் பயப்பட வைக்கும் விஷயம்.

நீதிமன்றத்திலும் ட்விஸ்ட் இருந்தது. 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், புதிய தொடர்களுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற யூஃபா, ஃபிஃபா விதிகள் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. சூப்பர் லீக் தரப்பு கொண்டாடியது. ஆனால், மான்செஸ்டர் யுனைடெட் உள்ளிட்ட கிளப்கள் அன்றே 'நாங்கள் வரவில்லை' என்று அறிக்கை விட்டன. கோர்ட்டில் கிடைத்த வழியைப் பயன்படுத்த ஆள் இல்லை. ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் வாசலை யாரும் மறந்திருக்கவில்லை.

இங்கிலாந்து அரசு முன்னாள் அமைச்சர் டிரேசி கிரவுச் தலைமையில் ரசிகர்களை வைத்தே ஓர் ஆய்வு நடத்தியது. அதன் தொடர்ச்சியாக 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. முதல் 5 டிவிஷன்களில் ஆடும் கிளப்களுக்கு இனி லைசென்ஸ் வேண்டும். தடை செய்யப்பட்ட தொடர்களில் அவை சேர முடியாது. கிளப்பின் முக்கிய முடிவுகளில் ரசிகர்களிடம் கருத்து கேட்க வேண்டும். மேற்பார்வைக்கு ஒரு சுதந்திர அமைப்பும் வந்திருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே செல்சீ தன் போர்டு கூட்டங்களில் ரசிகர் பிரதிநிதிகளை உட்கார வைத்தது. லிவர்பூல் ரசிகர் குழு ஒன்றை அமைத்தது.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியுமா? 2016 பிப்ரவரியில் லிவர்பூல் 77 பவுண்டு டிக்கெட்டை அறிவித்தபோது, 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறி, அந்த விலை உயர்வைத் திரும்பப் பெற வைத்தார்கள். 2024 கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட், நடு சீசனில் மீதமிருந்த டிக்கெட்டுகளுக்கு 66 பவுண்டு என்று ஒரே விலை வைத்தது. சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும்கூடச் சலுகை இல்லை. ரசிகர்கள் மறுபடி தெருவில் இறங்கினார்கள்.

சூப்பர் லீக், ஒரே ராத்திரியில் அறிவித்ததால் மாட்டிக்கொண்டது. டிக்கெட்டில் கொஞ்சம், மேட்ச் நேரத்தில் கொஞ்சம், புதுத் தொடர் ஒன்றில் கொஞ்சம் என்று மெதுவாக நகர்த்தினால் அவ்வளவு சத்தம் வராது என்பதை முதலாளிகளும் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டிருப்பார்கள். இங்கிலாந்து ரசிகர் குழுக்கள் அதனால்தான் பேனர்களை இன்னும் மடித்து வைக்கவில்லை.